வேர் பிரியும் இடத்தில் நோய்: முற்றிய ஈறுநோயிலிருந்து கடைவாய்ப் பல்லைக் காக்கும் வழிகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், விடியும் முன்பே எழுந்து ரப்பர் வெட்டப் போகும் ஐம்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் களியக்காவிளைக்கு அருகே உள்ள எங்கள் சிறிய பல் மருத்துவமனைக்கு வந்தார். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, "இந்த அணப்பல்ல எடுத்துப் போட்டுரு மக்களே, ஆடுது, அந்தப் பக்கம் வச்சு ஒண்ணும் தின்ன முடியல்ல" என்றார். வேறோர் இடத்தில் பார்த்துவிட்டு, எடுத்துவிடுவதுதான் நல்லது என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். இடது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல் அது. ஈறு வீங்கிச் சிவந்திருந்தது, விரலால் அழுத்தினால் ஓரத்தில் சீழ் கசிந்தது, பல்லும் லேசாக ஆடியது. அன்று நான் அந்தப் பல்லை எடுக்கவில்லை. அதே பல்லால்தான் இன்றும் அவர் மென்று தின்கிறார்.

எல்லாப் பல்லுக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, எடுத்தே ஆக வேண்டிய பற்களும் உண்டு. ஆனால் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் 'பயோரியா' என்றும் அந்தப் பக்கம் 'மோணப்பழுப்பு' என்றும் சொல்லப்படும் முற்றிய ஈறுநோயில், வீக்கமும் சீழும் இருக்கும் முதல் நாளிலேயே கடைவாய்ப் பல்லின் முடிவை எழுதிவிடக் கூடாது என்பதை இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் உறுதியாகக் கற்றிருக்கிறேன். சிகிச்சை எந்த வரிசையில் நடக்க வேண்டும், ஒவ்வொரு படியிலும் நீங்கள் எதைக் கேட்க வேண்டும், எங்கே அறுவை தேவைப்படும், எங்கே தேவைப்படாது என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கடைவாய்ப் பல் ஏன் தனிக் கணக்கு

முன்பல்லுக்கு ஒரே வேர். அதைச் சுற்றி எலும்பு கரைந்தாலும், வேரின் நாலாபக்கமும் கருவி போய்ச் சேரும். கடைவாய்ப் பல்லின் அமைப்பு வேறு. கீழ்த்தாடையில் பெரும்பாலும் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு வேர்கள் இருக்கும். மேல்தாடையில் கன்னப் பக்கம் இரண்டும் அண்ணப் பக்கம் ஒன்றுமாக மூன்று வேர்கள் இருக்கும். கொய்யாக் கிளையில் கவட்டை வெட்டியவர்களுக்கு இந்த வடிவம் உடனே புரியும்: தண்டு ஒன்றாக இறங்கி, ஓரிடத்தில் கவடாகப் பிரிகிறது. அந்த இடத்தை இக்கட்டுரையில் வேர்க்கவடு என்று குறிப்பிடுகிறேன்.

நலமான வாயில் வேர்க்கவடு எலும்புக்குள் புதைந்திருக்கும். கீழ் முதல் கடைவாய்ப் பல்லில், பல்லின் வெள்ளை எனாமல் முடியும் இடத்திலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் கீழே கன்னப் பக்கக் கவடு தொடங்கிவிடும். நாக்குப் பக்கத்தில் சுமார் 4 மில்லிமீட்டர். ஆகவே எலும்பு கொஞ்சம் கரைந்தாலே கவட்டின் வாசல் திறந்துவிடுகிறது. மேல் பல்லில் மூன்று வாசல்கள் உண்டு. ஒன்று கன்னப் பக்கம் இருக்கிறது. மற்ற இரண்டும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மறைந்திருப்பதால், நோய் முற்றும்வரை அவற்றைக் கவனிப்பவர்கள் குறைவு.

வாசல் திறந்துவிட்டால் கிருமிப் படலமும், அது கல்போல் இறுகிய காரையும் உள்ளே குடியேறும். அவற்றைச் சுரண்டி எடுக்க வேண்டிய கருவிக்கோ அங்கே இடமில்லை. 1979இல் வெளியான ஓர் அளவீட்டாய்வில், முதல் கடைவாய்ப் பற்களின் கவட்டு வாசல்களில் 81 சதவீதம் 1 மில்லிமீட்டருக்கு மேற்படாத அகலமும், 58 சதவீதம் 0.75 மில்லிமீட்டருக்கு மேற்படாத அகலமும் கொண்டிருந்தன. வழக்கமாக நாங்கள் பயன்படுத்தும் சுரண்டு கருவியின் முனை அகலமே 0.75 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை வரும். வாசலைவிடத் துடைப்பம் பெரிது என்றால் அறைக்குள் எப்படிப் பெருக்குவது? கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் இத்தனை வகை அறுவைகள் தோன்றியதற்குக் காரணம் இந்த ஒரு இடுக்குதான். கீழே வரும் சிகிச்சைகள் அனைத்தும் அந்த இடத்தை முதலில் மருத்துவரின் கருவிக்கும், பிறகு உங்கள் கையிலுள்ள பிரஷுக்கும் எட்ட வைப்பதற்காகவே செய்யப்படுகின்றன.

முதல் படி: அளந்து பார்ப்பது

முதல் நாளில் நடக்க வேண்டியது அளவீடு. ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பையின் ஆழத்தை, மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் அளப்போம். 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் அது ஆழமான பை. அளக்கும்போது ரத்தம் வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைவாய்ப் பல்லுக்கு நேபர்ஸ் புரோப் என்ற வளைந்த கம்பியும் தேவை. நேரான கம்பி கவட்டுக்குள் திரும்பாது. வளைந்த கம்பி கிடைமட்டமாக எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதை வைத்து நோயின் நிலையை மூன்றாகப் பிரிக்கிறோம். 1975 முதல் வழக்கில் இருக்கும் இந்த முறையில், 3 மில்லிமீட்டருக்குள் நின்றால் முதல் நிலை. அதைத் தாண்டிச் சென்றும் மறுபக்கம் வெளிவராவிட்டால் இரண்டாம் நிலை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தால் மூன்றாம் நிலை. அந்தப் பெண்ணின் பல்லில் கன்னப் பக்கத்திலிருந்து 4 மில்லிமீட்டர் போனது; நாக்குப் பக்கத்தில் நுழையவே இல்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்து, கம்பி உள்ளே போய் நிற்பதைக் காட்டினேன். "இவ்வளவு பெரிய பொத்தா?" என்று கேட்டார். அன்று அவருக்கு நான் செய்த மிகப் பயனுள்ள காரியம் அதைக் காட்டியதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "கவட்டில் எத்தனையாவது நிலை, எந்தப் பக்கம்?" அளந்தவரால் உடனே பதில் சொல்ல முடியும். அளக்காமலேயே பல்லை எடுக்கச் சொல்கிறார் என்றால் இன்னொருவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது எக்ஸ்ரே. வாய் முழுவதையும் காட்டும் ஓபிஜி படம் பொதுவான நிலையைச் சொல்லும். அந்தப் பல்லுக்கென்று எடுக்கும் சிறிய படம்தான் எலும்பின் நுணுக்கத்தைக் காட்டும். மேல் கடைவாய்ப் பற்களில் அண்ணப் பக்க வேர் மறைத்துவிடுவதால், அறுவைக்கு முன் சிபிசிடி என்ற முப்பரிமாணப் படம் சில வேளைகளில் தேவைப்படும். எல்லோருக்கும் அது வேண்டியதில்லை.

பல்லின் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்ற குளிர்ச் சோதனையைத் தவறவிடக் கூடாது. நரம்பு செத்துப்போன பல்லிலிருந்து வரும் சீழ், வேர்க்கவடு வழியாக வெளிவந்து ஈறுநோயைப் போலவே தோற்றம் காட்டும். அப்படிப்பட்ட பல்லுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்தாலே கவட்டு எலும்பு திரும்ப வளர்வதுண்டு. விரிசல் விட்ட வேரும் இதே வேஷத்தில் வரும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பி குறுகலாக, மிக ஆழமாக இறங்கினால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் பக்கத்திலிருந்து மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு: சர்க்கரை நோய், ரத்தம் கட்டாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, செயற்கை இதய வால்வு, எலும்புத் தேய்வுக்குப் போடும் ஊசி, கர்ப்பம், புகையிலைப் பழக்கம். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின், நிபெடிபின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும் என்பதால் அதையும் சொல்லுங்கள். பல் சிகிச்சைக்காக எந்த மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

இரண்டாம் படி: வீட்டில் தொடங்கும் சிகிச்சை

சர்க்கரையும் புகையிலையும் கட்டுக்குள் வராமல் செய்யப்படும் ஈறு அறுவை பெரும்பாலும் வீண் செலவாகிவிடும். இப்போதைய உலகளாவிய வகைப்பாட்டில், ஹெச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சர்க்கரை அளவு 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தாலும், ஒரு நாளைக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ புகைத்தாலும், அந்த நோயாளியின் ஈறுநோய் மிக வேகமாக முற்றக்கூடிய பிரிவில் வைக்கப்படுகிறது. இந்த உறவு எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது: ஈறுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 புள்ளியளவு குறைவதை பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022இன் கோக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல்லைக் கவனிப்பதற்கு இதுவே போதிய காரணம்.

எங்கள் பக்கத்தில் வெற்றிலைப் பழக்கம் இன்னும் ஆழமாக இருக்கிறது. விடிகாலைக் குளிரில் ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்களுக்கு அது துணை என்பது எனக்குத் தெரியும், ஆகவே கடிந்து பேசுவதில்லை. ஆனால் புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, ரத்தக் கசிவு என்ற எச்சரிக்கையையே மறைத்துவிடுகிறது. ரத்தம் வரவில்லை என்பதால் நோய் இல்லை என்று நினைத்திருப்பார்கள், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் பாதுகாப்பானது இல்லை. அதுவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வாயில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்கச் சிரமம் ஆகியவற்றில் எது இருந்தாலும் பல் ஆடுவதைவிட அது முக்கியம்; முதலில் அதைக் காட்டுங்கள்.

உமிக்கரியும் உப்பும் நல்லமிளகும் சேர்த்துத் தேய்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் வாயில் அது கூடாது. வேருக்கு எனாமலின் கடினம் கிடையாது, கரித்தூள் அதை அரித்துப் பள்ளமாக்கிவிடும். மென்மையான பிரஷும் புளூரைடு பற்பசையும் போதும். பல் தூரிகை எட்டாத இடத்துக்கு இடைப்பல் பிரஷ் உண்டு; இன்டர்டென்டல் பிரஷ் என்று மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும். சிறு குழாய் கழுவும் பிரஷ் போல இருக்கும். இடைவெளிக்கு ஏற்ற அளவை மருத்துவர் வாயில் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். தளர்வாக நுழைந்தால் அழுக்கு வராது. திணித்தால் ஈறு கிழியும். கன்னப் பக்கக் கவட்டுக்கு அதன் முனையைக் கொஞ்சம் வளைத்து, ஈறோரத்திலிருந்து சாய்வாக உள்ளே விட வேண்டும். முதல் வாரத்தில் ரத்தம் வரும். பயந்து நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். நிறுத்தாமல் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் அது குறையும்.

மூன்றாம் படி: அறுவையில்லாத ஆழச் சுத்தம்

ஸ்கேலிங் செய்தால், அதாவது காரையைச் சுரண்டி எடுத்தால், பல் ஆடிப்போகும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். பல்லைத் தாங்க வேண்டிய எலும்பு ஏற்கெனவே போய்விட்டிருக்கும், காரை மட்டும் சுவர்போல் பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அந்தக் காரை போனதும் உண்மை நிலை தெரியவருகிறது. வீங்கிய ஈறு சுருங்குவதால் இடைவெளியும் கூடுதலாகத் தெரியும். இந்த இரண்டையும் சிகிச்சைக்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாததால்தான் பாதிப் பேர் அடுத்த முறை வருவதில்லை.

ஆழச் சுத்தம் என்பது பல்லின் மேல் தெரியும் காரையை எடுக்கும் சாதாரண ஸ்கேலிங் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் பையின் அடிவரை சென்று வேரின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வது. அதிர்வலைக் கருவியின் மெல்லிய முனை கவட்டுக்குள் ஓரளவு நுழையும். கிரேசி வகைச் சுரண்டு கருவிகளில் 11/12 எண்ணுள்ளது கடைவாய்ப் பல்லின் முன்புறத்துக்கும், 13/14 பின்புறத்துக்கும் உரியவை. இரண்டு முதல் நான்கு வருகைகளில் வாய் முழுவதையும் முடிக்கலாம். ஒரே நாளில் முடிப்பவர்களும் உண்டு. பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்பதால், கூலி வேலையை விட்டுவிட்டு வரும் ஒருவருக்கு எது வசதியோ அதையே நான் தேர்ந்தெடுக்கிறேன்.

பிறகு சில வாரங்கள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். கூச்சத்துக்கான பற்பசை உதவும். குளோர்ஹெக்ஸிடின் வாய்க்கழுவியைக் குறுகிய காலத்துக்குக் கொடுப்பதுண்டு. அது பல்லில் பழுப்புக் கறை படியச் செய்யும், நாக்கின் ருசியையும் கொஞ்ச நாள் மாற்றும். பல் துலக்கிய உடனே அதைக் கொப்பளித்தால் பற்பசையின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுத்துவிடும். அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ஆன்டிபயாடிக் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வீங்கும்போதெல்லாம் மெடிக்கல் ஸ்டோரில் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வீக்கம் வடிந்ததும் மறந்துவிடுவது எல்லையின் இரு பக்கமும் உள்ள வழக்கம். வேரில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலத்தைச் சுரண்டாமல் எந்த மாத்திரையும் கரைக்காது. வேகமாகப் பரவும் சில வகை ஈறுநோயில், குறிப்பாக இளவயதினருக்கு, ஆழச் சுத்தத்தோடு சேர்த்து மருத்துவர் கொடுப்பது வேறு.

நான்காம் படி: காத்திருந்து மறுபடி அளப்பது

ஆழச் சுத்தம் முடிந்து இரண்டு முதல் மூன்று மாதங்கள் கழித்து அதே அளவீடுகளை மறுபடி எடுக்க வேண்டும். திசு ஆறுவதற்கு அவ்வளவு நாள் வேண்டும். 4 முதல் 6 மில்லிமீட்டர் வரையிருந்த பைகள் சராசரியாக 1 மில்லிமீட்டரும், 7க்கு மேலிருந்தவை சுமார் 2 மில்லிமீட்டரும் குறைவதுண்டு. வேர்க்கவட்டில் குறைவது இதைவிடக் கொஞ்சம். பை 4 மில்லிமீட்டருக்கு மேற்படாமல், ரத்தமும் வராமல் இருந்தால் அந்தப் பல்லுக்கு அறுவை தேவையில்லை, பராமரிப்புக்குப் போகலாம். 4, 5 மில்லிமீட்டரில் ரத்தம் வந்தால் இன்னொரு முறை சுத்தம் செய்து பார்க்கலாம். 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நின்றுவிட்டாலோ, கவடு இரண்டாம் மூன்றாம் நிலையில் பையோடு நீடித்தாலோ அறுவையைப் பற்றிப் பேச வேண்டும்.

ரப்பர் வெட்டும் அந்தப் பெண் பத்தாவது வாரத்தில் வந்தபோது பல்லின் ஆட்டம் பாதியாகக் குறைந்திருந்தது, சீழ் நின்றிருந்தது. புகையிலையை விட்டிருந்தார்; வெற்றிலையை ஒரு நேரமாகக் குறைத்திருந்தார். கன்னப் பக்கத்தில் மட்டும் 6 மில்லிமீட்டர் பையும் கவட்டில் அதே 4 மில்லிமீட்டரும் மிச்சம். முதல் நாளிலேயே எடுத்திருந்தால் இந்த மாற்றத்தைப் பார்த்தே இருக்க மாட்டோம்.

ஐந்தாம் படி: அறுவை, எந்தப் பல்லுக்கு எது

எல்லா வகையிலும் அடிப்படை ஒன்று. மரத்துப்போன ஈறைக் கீறி, புத்தகத்தின் ஏடுபோல விலக்கி, வேரையும் எலும்பையும் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, திரும்ப மூடித் தைப்பது. இதைப் பேச்சுவழக்கில் ஃபிளாப் சர்ஜரி என்பார்கள். ஆழமான பைகளுக்கு இது ஒன்றே போதுமானதாக இருக்கலாம். சில வேளை ஈறைச் சற்றுக் கீழே இறக்கித் தைத்து, பை உருவாக இடமில்லாமல் செய்வோம். வேர் கூடுதலாக வெளியே தெரியும், பார்வைக்கு நன்றாக இராது. ஆனால் கடைவாயில் அழகைவிடச் சுத்தம் செய்ய முடிவதே பெரிது.

இரண்டாம் நிலைக் கவட்டில், அதிலும் கீழ்ப் பற்களிலும், மேல் பற்களின் கன்னப் பக்கத்திலும் இழந்த எலும்பை ஓரளவு மீட்க முடியும். காயம் ஆறும்போது ஈறின் மேல்தோல்தான் மிக வேகமாக வளர்ந்து வேரோடு கீழிறங்கிவிடும். பல்லைத் தாங்கும் நார்களையும் எலும்பையும் உண்டாக்கும் செல்கள் மெதுவாக வரும். ஆகவே நடுவில் ஒரு மெல்லிய சவ்வை வைத்து, வேகமாக வருவதைத் தடுத்து மெதுவாக வருவதற்கு இடம் பிடித்து வைக்கிறோம். மனிதப் பல் ஒன்றில் இப்படிச் செய்து காட்டியது 1982இல் வெளியானது. சவ்வுக்கு அடியில் எலும்புத் துகளை நிரப்புவதுண்டு; எனாமல் புரதக் களிம்பைப் பயன்படுத்துவதும் உண்டு. இங்கே பல இடங்களில் நோயாளியின் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, எந்திரத்தில் சுழற்றி, அதில் திரளும் பிஆர்எஃப் என்ற மஞ்சள் நிறப் படலத்தை வைக்கிறார்கள். இவை எதுவும் போன எலும்பை முழுவதுமாகக் கொண்டுவந்துவிடும் என்று நம்பக் கூடாது. இரண்டாம் நிலைக் கவடு முதல் நிலையானாலே நான் அதை வெற்றி என்பேன், ஏனென்றால் அந்த அளவில் பிரஷ் அதைச் சமாளிக்கும். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திறந்துவிட்ட மூன்றாம் நிலையில் இந்த முறை நம்பத்தக்க பலன் தருவதில்லை. அதற்கும் இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

ஒரு வேர் மட்டும் கெட்டு, மற்றவை உறுதியாக இருந்தால் அந்த வேரை வெட்டி எடுத்துவிடலாம். மேல் பல்லில் கன்னப் பக்கத்தின் பின்வேர் அப்படி எடுக்கப்படுவதுண்டு. கீழ்ப் பல்லை நடுவில் பிளந்து, கெட்ட பாதியை எடுத்துவிட்டு நல்ல பாதிக்கு உறை (கேப்) போடுவார்கள். இரண்டு பாதிகளும் நன்றாயிருந்தால் பிளந்து, இரண்டு சிறிய பற்களைப் போல வைத்துக்கொள்ளவும் முடியும். இவற்றுக்கெல்லாம் முன்னதாக வேர் சிகிச்சை செய்ய வேண்டும், பின்னால் உறை வேண்டும். செலவும் வருகைகளும் கூடும். 1981இல் வெளியான ஓர் ஆய்வில் இப்படி வேர் எடுக்கப்பட்ட 100 கடைவாய்ப் பற்களில் 38 பத்தாண்டுக்குள் தோல்வியடைந்தன. எஞ்சிய வேர் பிளந்துபோனதே முதன்மையான காரணம், ஈறுநோய் அதற்கு அடுத்ததுதான். நண்டு ஓட்டை அந்தப் பக்கம் வைத்துக் கடிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

கீழ்ப் பல்லில் கவடு முழுதும் திறந்து, வேர்கள் நன்றாக விரிந்தும் இருந்தால், அதை இன்னும் அகலமாக்கிச் சுரங்கப்பாதை போலத் திறந்து விட்டுவிடலாம். தினமும் சிறு பிரஷை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுக்க வேண்டும். வேர் சிகிச்சையோ உறையோ தேவைப்படாது. ஆனால் அந்தப் பாதைக்குள் சொத்தை விழும் ஆபத்து அதிகம், ஆகவே புளூரைடு பூச்சு தவறாமல் வேண்டும். கை நடுக்கம் உள்ளவருக்கும், இனிப்பை விட முடியாதவருக்கும் இதை நான் செய்வதில்லை.

அறுவைக்குப் பின் முதல் ஆறு வாரங்கள்

முதல் நாள் கன்னத்தின் மேல் ஐஸ் ஒற்றடம். காறித் துப்புதலும் உறிஞ்சிக் குடித்தலும் கூடாது. ரத்தம் கசிந்தால் சுத்தமான காஸ் துணியை வைத்து இருபது நிமிடம் விடாமல் அழுத்துங்கள். சாப்பாட்டுக்கு ஆறிய கஞ்சி, நன்றாக மசித்த மரச்சீனி, மட்டிப்பழம் போதும். சூடான மீன்குழம்பு முதல் சில நாட்களுக்கு வேண்டாம், முள் சேரவே கூடாது. குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலைக்கும் பளு தூக்குவதற்கும் இரண்டு மூன்று நாட்கள் விடுப்பு எடுங்கள். புகையிலையும் வெற்றிலையும் அறவே கூடாது. தையல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் பிரிக்கப்படும். அதுவரை அந்த இடத்தில் துலக்காமல் குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிக்க வேண்டும். சவ்வு வைத்த இடத்தில் நான்கு முதல் ஆறு வாரம் வரை இடைப்பல் பிரஷ் நுழையக் கூடாது. ஆர்வத்தால் முன்கூட்டியே குத்திவிட்டு சவ்வைக் கலைத்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல், தாடைக்குக் கீழே பரவும் வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், வாய் திறக்க முடியாமை இவற்றில் ஒன்று வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

எப்போது எடுத்துவிட வேண்டும்

கவடு இரண்டாம் அல்லது மூன்றாம் நிலையில் இருப்பது மட்டுமே பல்லை எடுக்கக் காரணம் ஆகாது என்று ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் வேரின் நுனிவரை எலும்பு போய், பல் மேலும் கீழும் அழுந்தி ஆடினாலோ, வேர் நெடுக்குவாட்டில் பிளந்திருந்தாலோ, உறை போட முடியாத அளவு சொத்தை இருந்தாலோ, அடுத்த பல்லின் எலும்பையும் சேர்த்துக் கெடுத்தாலோ எடுத்துவிடுவதே சரி. அப்போது எடுப்பதைத் தோல்வியாக யாரும் கருத வேண்டாம்.

எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைத்தால் தொல்லை விட்டது என்ற எண்ணம் இப்போது பரவியிருக்கிறது. ஈறுநோயால் பல்லை இழந்தவருக்கு இம்பிளான்ட்டைச் சுற்றியும் அதே போன்ற நோய் வரும் வாய்ப்பு கூடுதல். வந்துவிட்டால் அதைச் சுத்தம் செய்வது பல்லைச் சுத்தம் செய்வதைவிடக் கடினம்.

கடைசிப் படி முடிவதே இல்லை

1978இல் வெளியான புகழ்பெற்ற ஓர் ஆய்வில், 600 நோயாளிகளைச் சராசரியாக 22 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்திலேயே கவட்டு நோய் இருந்த 1464 பற்களில் அவ்வளவு காலத்துக்குப் பின்னும் 31 சதவீதமே இழக்கப்பட்டிருந்தன. அவர்கள் எல்லோரும் விடாமல் பராமரிப்புக்கு வந்துகொண்டிருந்தவர்கள் என்பதைச் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். முற்றிய நோய் இருந்த வாய்க்குத் தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகை தேவை. நிலைமை சீராக இருந்தால் மெல்ல இடைவெளியைக் கூட்டலாம்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ளவர்களுக்குச் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 700 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் களியக்காவிளையிலிருந்து பஸ்ஸில் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஈறுநோய்க்கென்று தனித்துறை உள்ள கல்லூரி எதுவாக இருந்தாலும் அங்கே செலவு குறையும். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் பார்க்க நேரிடும். ஆகவே அளவீட்டுத் தாளின் நகல், எக்ஸ்ரே படங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் மூன்றையும் ஒரே உறையில் போட்டு எப்போதும் கையோடு கொண்டுபோங்கள். இந்தப் பக்கம் பார்த்த சிகிச்சையின் தாள் அந்தப் பக்கம் போய்ச் சேராததால், சுத்தம் செய்த பல்லை மறுபடி முதலிலிருந்து தொடங்கியதும், எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்த பல்லை எடுத்துவிட்டதும் நடந்திருக்கின்றன.

அந்தப் பெண்ணுக்கு எலும்புத் துகளும் சவ்வும் வைத்து அறுவை செய்தோம். ஓராண்டு கழித்து அளந்தபோது கவட்டில் கம்பி 2 மில்லிமீட்டரோடு நின்றது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மரம் வெட்டி, ரப்பர் பால் ஊற்றிவிட்டு, பத்து மணிக்கு மேல் வருவார். உள்ளே வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தான் பயன்படுத்தும் இடைப்பல் பிரஷை எடுத்து என் முன் வைப்பார். அதன் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் அவர் கன்னப் பக்கம் உள்ளே விட்டிருக்கிறார். புதிது போலவே இருந்தால் விடவில்லை. போன முறை இழைகள் நன்றாகத் தேய்ந்திருந்தன. புதிய பிரஷ் ஒன்றை எடுத்து, முனையை வளைத்து அவர் கையில் கொடுத்தேன்.